உளியம்மா பேசிய பேரம்

பொய் சொல்லிவிட்டு வீட்டை விட்டுக் கிளம்பும்போது காலில் கிடக்கிற செருப்பு கூடக் காட்டிக்கொடுக்கப் பார்க்கும் என்பது மருமகளுக்கு அன்று காலையில்தான் தெரிந்தது. சரக் சரக்கென்று அப்படி ஒரு சத்தம்.

"அம்மா வீடு வரைக்கும் போயிட்டு வந்துடறேன் அத்தை."

பட்டறைக்குள் இழைப்புளி தள்ளிக்கொண்டிருந்த அத்தை தலையை நிமிர்த்தவில்லை. "ம்" என்றாள்.

ஒரு வாரமாக அத்தையிடமிருந்து அவளுக்குக் கிடைத்த மொத்தப் பேச்சும் அந்த "ம்"தான்.

சண்டை நாற்காலியில் ஆரம்பித்தது. புதிதாகக் கட்டியிருக்கும் நூலகத்துக்கு வாசிப்பு மண்டபம் நிறைய நாற்காலிகள் வேண்டும் என்று நூலகத்து அம்மா கேட்டிருந்தார். அலைந்து திரிந்து அந்த ஆர்டரைக் கொண்டுவந்தவள் மருமகள். ஆனால் பட்டறையில் ஒவ்வொரு துளையையும் உளி வைத்துக் கொட்டாப்புளியால் தட்டித்தான் எடுப்பார்கள். அத்தை தட்டுகிற தட்டில் வந்த பெயர்தான் தெருவே கூப்பிடும் "உளியம்மா".

"இந்த வேகத்துல போனா, படிக்க வர்றவங்க நின்னுக்கிட்டுத்தான் படிக்கணும் அத்தை. துளை போடற மெஷின் ஒண்ணு வாங்கிடலாம்" என்று மருமகள் சொன்னதுதான் தாமதம்.

"இந்த வீட்டுல கைக்கு வேலை இருக்கிற வரைக்கும் மெஷினுக்கு வேலை இல்ல" என்றாள் அத்தை. அதோடு பேச்சும் நின்றது.

லாரி ஓட்டுகிற மூத்த மகனுக்கு, அதாவது தன் கணவனுக்கு, மருமகள் போன் போட்டால், "அம்மா சொல்றதும் சரிதான், நீ சொல்றதும் சரிதான்" என்று இரண்டு பக்கமும் ஹாரன் அடித்துவிட்டு வைத்துவிட்டான். சமையலறையை விட்டு வெளியே வராத மாமாவோ, உப்புக் குறைச்சலா என்று கேட்டதைத் தவிர இந்த விஷயத்தில் வேறு கருத்துச் சொல்லவில்லை.

இடையில் புகுந்தவன் இளையவன். வீட்டில் அவனுக்கு "ஐடியா" என்று பெயர். வண்ண மீன் வளர்த்தான், மீன் செத்தது. போனுக்கு உறை விற்றான். உறையெல்லாம் அவன் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. இப்போது அவனுடைய ஐடியா, பட்டறையை மூடிவிட்டு அங்கே கார் கழுவுகிற நிலையம் வைப்பது. "நீங்க ரெண்டு பேரும் சண்டையும் போட வேண்டாம், நாற்காலியும் போட வேண்டாம்" என்று சமாதானத் தூதுவன் மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தான்.

திங்கட்கிழமைக்குள் நூலகத்துக்கு ஆம் அல்லது இல்லை என்று சொல்லியாக வேண்டும். இன்று சனி.

அதனால்தான் மருமகள் அம்மா வீட்டுப் பேருந்தில் ஏறாமல் எதிர்ப்பக்கம் போகிற பேருந்தில் ஏறினாள். கைப்பையில், மெத்தை தைத்துத் தைத்து அவள் தனியாகச் சேர்த்து வைத்திருந்த பணம் இருந்தது.

* * *

மரவேலைக் கருவிகள் கண்காட்சி நடந்த கூடம், விமானம் நிறுத்தி வைக்கலாம் போலப் பெரிதாக இருந்தது. உள்ளே நுழைந்ததுமே மரத்தூளும் பசையும் சூடான எண்ணெயும் கலந்த வாசனை மூக்கில் ஏறியது. ஒரு பக்கம் ரம்பம் கீச்சிட, இன்னொரு பக்கம் தேய்ப்பு மெஷின் உறும, நடுவில் யாரோ மைக்கில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

மற்றவர்களுக்கு அது இரைச்சல். மருமகளுக்குப் பிறந்த வீட்டு வாசலில் நிற்பது போல இருந்தது. லேத் பட்டறைக்காரர் மகள் அவள். மோட்டார் சத்தத்தில் தூங்கி, மோட்டார் நின்றால் விழித்துக்கொண்டு வளர்ந்தவள். யோசித்துப் பார்த்தால், அம்மா வீட்டுக்குப் போவதாகச் சொன்னது அவ்வளவு பெரிய பொய்கூட இல்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

முதல் கடையில் தேய்ப்பு மெஷினைக் கையில் எடுத்தாள். கடைக்காரர் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"வீட்டுக்காரர் வரலையா மேடம்?"

"வரலை."

"பட்டறை அவரோடதா?"

"இல்ல. எங்க அத்தையோடது."

"ஓ, அத்தை வீட்டுக்காரரோடதா?"

"அத்தையோடதுங்க. அத்தைதான் தச்சர்."

கடைக்காரர் சிரித்தார். நல்ல நகைச்சுவை என்று நினைத்துவிட்டார் போல. மருமகள் மெஷினை வைத்துவிட்டு நகர்ந்தாள்.

அடுத்த இடத்தில் ஒரு பெரிய ரம்ப மெஷின். அவளே பலகையைத் தள்ளிப் பார்த்தாள். வெட்டு நேராகத்தான் வந்தது. ஆனால் அதை வாங்கினால் பட்டறையில் மெஷின் இருக்கும், மனிதர்கள் நிற்க இடம் இருக்காது.

கூடத்தின் கோடியில்தான் அது இருந்தது.

இரண்டு கையாலும் பிடிக்கிற அளவு. முன்னால் நீண்ட மூக்கு. கட்டையின் விளிம்பில் மூக்கை அழுத்தி வைத்துத் தள்ளினால், உள்ளிருந்து ஒரு கூர்முனை வெளியே வந்து, இடமும் வலமும் ஆடிக்கொண்டே குடைந்து, ஒரு நீளத் துளையைப் போட்டுவிட்டுத் திரும்ப உள்ளே போய்விடும். சேர்க்க வேண்டிய இரண்டு கட்டையிலும் அப்படித் துளை போட்டு, தனியாகச் செய்து வைத்திருக்கும் மர நாக்கைப் பசை தடவி நடுவில் செருகி இறுக்கினால் இணைப்பு முடிந்தது.

காதோடு மைக் மாட்டியிருந்த செயல்விளக்கக்காரன், "பிடிச்சுப் பாருங்கக்கா, கடிக்காது" என்று நீட்டினான். வீட்டுக்காரர் எங்கே என்று கேட்கவில்லை. அதற்காகவே அவனை அவளுக்குப் பிடித்துப்போனது.

முதல் தடவை அவசரப்பட்டுத் தள்ளினாள். மெஷின் துள்ளியது, துளை சாய்ந்துவிட்டது. சுற்றி நின்ற சிலர் முகத்தைத் திருப்பிச் சிரித்தார்கள்.

அவள் மூச்சை இழுத்து விட்டாள். அப்பா லேத்தில் இரும்பை நகர்த்துகிற பக்குவம் நினைவுக்கு வந்தது. இரண்டாவது தடவை அடித்தட்டைக் கட்டையில் நன்றாகப் படிய வைத்து, மெதுவாக, ஒரே சீராகத் தள்ளினாள். ஸ்ர்ர்ரென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். வெட்டி எடுத்த வெண்ணெய்க் கட்டி மாதிரி சுத்தமான துளை. விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள். அத்தை உளியால் எடுக்க எவ்வளவோ நேரம் ஆகிற துளை, ஒரு பெருமூச்சு விடுகிற நேரத்தில்!

நூலக மண்டபம் முழுக்க நாற்காலிகள் வரிசையாக நிற்பது அவள் கண்ணுக்கு அப்போதே தெரிந்தது.

கைப்பையைத் திறந்தாள்.

"அம்மா வீட்டுல இதெல்லாம்கூடவா இருக்கு?"

பின்னாலிருந்து வந்த குரல். திரும்பிப் பார்க்கத் தேவையே இல்லை. இருந்தாலும் திரும்பினாள்.

அத்தை நின்றுகொண்டிருந்தாள். பட்டறையில் உடுப்புக்கு மேல் கட்டியிருந்த அதே துணிக் கவசம், முடியில் மரத்தூள். பக்கத்தில் ஐடியா, போனைத் தூக்கிப் பிடித்து எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

"நீ போய்ச் சேர்ந்தியான்னு கேக்க உங்கம்மாவுக்குப் போன் போட்டேன். 'எப்போ வர்றா, சொல்லவே இல்லையே'ன்னு அவங்க சந்தோஷப்படறாங்க" என்றாள் அத்தை. "இவன் வேற, அண்ணி எதிர்ப்பக்கப் பஸ்ல ஏறினதைப் பார்த்தேன்னான். கண்காட்சிக்குத்தான் போயிருப்பாங்கன்னு இங்கே கூட்டிக்கிட்டு வந்துட்டான்."

"அத்தை, நான்..."

"வீட்டுல பேசிக்கலாம். கிளம்பு."

மருமகளுக்குக் காது வரை சூடேறியது. சுற்றி ஒரு கூட்டமே வேடிக்கை பார்த்தது. ஒரு நொடி, அத்தையோடு கிளம்பிவிடலாம் என்று காலை எடுத்து வைக்கவும் பார்த்தாள். ஆனால் விரல் நுனியில் அந்தத் துளையின் வழவழப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"வரலை அத்தை. வாங்கிட்டுத்தான் வருவேன்" என்றாள்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அத்தைக்கு எதிரே அவள் குரல் அவ்வளவு நிதானமாக வந்ததில்லை. ஐடியாவின் போன்கூடக் கொஞ்சம் கீழே இறங்கியது.

செயல்விளக்கக்காரன் சமயோசிதக்காரன். சட்டென்று புகுந்தான். "அம்மா, நீங்களும் தச்சரா? வாங்க வாங்க. நம்ம இணைப்பை ஒரு தடவை கையில வாங்கிப் பாருங்க."

அத்தை வாங்கினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரல் கணுவால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டாள்.

"தம்பி, இந்த நாக்கு இந்தக் கட்டையோடதா?"

"இல்லைங்கம்மா, தனியா செஞ்சு செருகறது."

"அப்போ இரவல் நாக்கு." கூட்டத்தைப் பார்த்தாள். "இரவல் நாக்கை வச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் பேசுவ?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. செயல்விளக்கக்காரனும் சிரித்துவிட்டு, பக்கத்தில் இருந்த இரும்புச் சட்டத்தைக் காட்டினான்.

"பேச வேண்டாம்மா. முறிச்சுப் பார்த்துடலாம்."

அது முறிக்கிற கருவி. இணைத்த இரண்டு கட்டைகளை அதில் நிறுத்திக் கைப்பிடியை அழுத்தினால், மேலே கடிகார முகம் போன்ற வட்டத்தில் முள் ஏறும். இணைப்பு எங்கே முறிகிறதோ அங்கே நிற்கும். கண்காட்சி தொடங்கியதிலிருந்து வந்தவற்றில் அதிகம் தாங்கிய இணைப்பு எதுவோ, அதன் இடத்தில் சிவப்புக் கோடு போட்டு வைத்திருந்தார்கள்.

"நீங்க கையால ஒண்ணு செய்யுங்க, நான் மெஷின்ல ஒண்ணு செய்யறேன்" என்றான் அவன்.

"நானும் ஒண்ணு செய்யறேன்" என்றாள் மருமகள்.

அத்தை அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ம்" என்றாள்.

* * *

பக்கத்துக் கடையில் உளியும் கொட்டாப்புளியும் இரவல் வாங்கினார்கள். அத்தை உளி முனையைக் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது உளியா, ரொட்டியில வெண்ணெய் தடவற கத்தியா?" என்று கேட்டு, தீட்டுக்கல் கொண்டுவரச் சொன்னாள். தீட்டி முடித்துத்தான் கட்டையைத் தொட்டாள்.

பிறகு தட்ட ஆரம்பித்தாள். டக், டக், டக். கூடத்தின் அத்தனை மோட்டார் சத்தத்துக்கு நடுவிலும் அந்தத் தட்டு தனியாகக் கேட்டது. வேறு கடைகளிலிருந்து ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

செயல்விளக்கக்காரன் கண்மூடித் திறப்பதற்குள் தன்னுடையதை முடித்துவிட்டு, கூட்டத்துக்கு மைக்கில் வர்ணனை கொடுத்துக்கொண்டிருந்தான்.

மருமகள் ஒரு கட்டையைத் தேர்ந்தெடுத்துக் கோடு போட்டாள்.

"அதுல கணு இருக்கு பாரு, பிளந்துடும். வேற எடு." அத்தை தலையைத் திருப்பாமலே சொன்னாள். சொன்ன பிறகுதான், எதிராளிக்கு உதவிவிட்டோம் என்பது உறைத்தது போல உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மருமகள் வேறு கட்டை எடுத்தாள். அளந்து பார்த்தபோது ஒன்று தோன்றியது. செயல்விளக்கக்காரன் ஒரு நாக்குத்தான் வைத்தான். கட்டையின் அகலத்துக்கு இரண்டு நாக்கு பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாமே? மெத்தைத் துணியில் இழுபடுகிற இடத்துக்கு அவள் ஒற்றைத் தையல் போடுவதே இல்லை. இதற்கு மட்டும் ஏன்?

இரண்டு துளை, அந்தப் பக்கமும் இரண்டு. ஸ்ர்ர்ர். ஸ்ர்ர்ர்.

மூன்றாவது துளையை முடித்து நிமிர்ந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. கொட்டாப்புளி தரையில் விழுந்து உருண்டது.

யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். அத்தை, "வழுக்கிடுச்சு, புதுப் பிடி" என்று சிரித்தாள். ஆனால் வாங்கியது இடது கையால். வலது மணிக்கட்டைக் கவசத்துக்குள் மறைத்து ஒரு தடவை அழுத்திவிட்டுக்கொண்டாள். அடுத்த தட்டில் அவள் கண் ஓரம் சுருங்கியது.

வழுக்கவில்லை. மருமகளுக்குப் புரிந்துவிட்டது. கொஞ்ச நாளாகவே காலையில் வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது, கனமான பாத்திரத்தை மாமாவை எடுக்கச் சொல்வது, கையில் துணி சுற்றிக்கொண்டு, கேட்டால் "மரச்சிராய் குத்திடுச்சு" என்பது. எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து உட்கார்ந்தன.

ஐடியா போனைக் கீழே இறக்கிவிட்டான். அவனும் பார்த்துவிட்டான்.

அத்தை விடவில்லை. கையை மாற்றி மாற்றித் தட்டி, துளையை முடித்து, நாக்கைச் செதுக்கி, பசை தடவி இறுக்கினாள். கூட்டம் கைதட்டியது.

"பசை காயணும். போய் டீ குடிச்சுட்டு மெதுவா வாங்க" என்றான் செயல்விளக்கக்காரன்.

* * *

ஐடியா டீ வாங்க வரிசையில் நின்றான். மாமியாரும் மருமகளும் ஒரு பிளாஸ்டிக் மேஜைக்கு எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பசை காய்கிற வரை எழுந்து போகவும் வழியில்லை.

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"எதை?"

"அத்தை."

அத்தை பக்கத்து மேஜையைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். வேறு பார்க்க ஒன்றும் இல்லாமல் போன பிறகு சொன்னாள். "காட்டினேன். தட்டற வேலையைக் குறைங்கன்னார். மீனைப் பார்த்து நீந்தாதேன்னு சொல்ற மாதிரி."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா? 'அதான் மெஷின் வாங்குங்கன்னு சொல்றேன்'னு நீ சொல்வ. நல்லதுக்குத்தான் சொல்வ. மெஷின் வரும். அப்புறம் நான் என்ன பண்றது? உங்க மாமா பக்கத்துல உட்கார்ந்து வெங்காயம் உரிக்கவா?"

மருமகளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

"அந்தக் கணு என் கண்ணுக்குத் தெரியலை அத்தை. மெஷினுக்கும் தெரியலை. நீங்க சொல்லலேன்னா அந்தக் கட்டையிலேயே துளை போட்டிருப்பேன்."

"அதான் தெரியுமே. உனக்கு மரம் தெரியாதுங்கிறது தெருவுக்கே தெரியும்."

சொல்லிவிட்டு, ஐடியா கொண்டுவந்து வைத்த பன்னைப் பிய்த்து, பெரிய பாதியை மருமகள் பக்கம் தள்ளினாள்.

"மெஷின் வாங்கப் போறேன்னு சொல்லியிருந்தா கத்தியிருப்பேன்" என்றாள், தன் பாதியை டீயில் நனைத்தபடி. "கத்திட்டு விட்டிருப்பேன். பொய் சொல்லிட்டுப் போற அளவுக்கு நான் உன்னைப் பயமுறுத்தி வச்சிருக்கேன்னு நினைக்கறப்பதான் ஒரு மாதிரி ஆயிடுச்சு."

"இனிமே சொல்லிட்டே பண்றேன் அத்தை."

"கத்துவேன்."

"கத்துங்க."

ஐடியா இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்போ கார் கழுவுறது..." என்று ஆரம்பித்தான்.

"டீயைக் குடி" என்றார்கள் இருவரும் ஒரே சமயத்தில்.

* * *

அவர்கள் திரும்பி வந்தபோது கூட்டம் இரண்டு மடங்காகியிருந்தது. பக்கத்துக் கடைக்காரர்கள் விற்பனையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். காலையில் வீட்டுக்காரரைத் தேடிய தேய்ப்பு மெஷின் கடைக்காரரும் முன்வரிசையில் இருந்தார்.

முதலில் செயல்விளக்கக்காரனின் இணைப்பு. கைப்பிடியை அழுத்த அழுத்த முள் ஏறியது. சிவப்புக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால், டப். இணைப்பு பிளந்தது.

"பரவாயில்ல, பேசுச்சு" என்றாள் அத்தை பெருந்தன்மையாக.

அடுத்தது அத்தையுடையது. முள் ஏறியது. செயல்விளக்கக்காரனின் இணைப்பு முறிந்த இடத்தைத் தாண்டியது. சிவப்புக் கோட்டைத் தொட்டது. தாண்டியது! கூட்டம் "ஓ" என்று கத்தியது. இன்னும் கொஞ்சம் ஏறி, நாக்கு பிடுங்கிக்கொண்டு வந்தது.

"உளியம்மா!" என்று கத்தியது ஐடியாதான். பெற்ற தாயைத் தெருப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டோம் என்ற நினைப்பே அவனுக்கு இல்லை. கூட்டம் அதைப் பிடித்துக்கொண்டது. "உளியம்மா! உளியம்மா!"

செயல்விளக்கக்காரன் பழைய கோட்டை அழித்துவிட்டுப் புதிய இடத்தில் சிவப்பாகக் கோடு போட்டான். அத்தையின் முகத்தில் ஒரு ஒளி. ஆனால் அவள் முறிந்த துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். ஒரு பக்கச் சுவர் கொஞ்சம் தளர்வாக இருந்தது. கை மாற்றித் தட்டிய பக்கம். யாருக்கும் தெரியாதபடி கட்டையைக் கவிழ்த்து வைத்தாள்.

மூன்றாவது, மருமகளுடையது.

தோற்றால் மெஷின் வேண்டாம் என்றாகிவிடும். ஜெயித்தால், ஊர் பார்க்க மாமியாரை ஜெயித்த மருமகள் என்றாகிவிடும். இரண்டில் எது வேண்டும் என்று கேட்டால் அந்த நொடியில் அவளுக்குப் பதில் தெரியாது.

செயல்விளக்கக்காரன் கைப்பிடியை அழுத்தினான். முள் ஏறியது. அவன் இடத்தைத் தாண்டியது. பழைய கோடு இருந்த இடத்தைத் தாண்டியது. அத்தையின் கோட்டுக்கு வந்து ஒரு நிமிஷம் தயங்குவது போல நடுங்கியது.

தாண்டியது.

முள் இன்னும் ஏறியது. பிறகு படாரென்று ஒரு சத்தம். மருமகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

திறந்து பார்த்தபோது இணைப்பு அப்படியே இருந்தது. கட்டைதான் முறிந்திருந்தது. இணைப்பை விட்டுத் தள்ளி, மரமே நாராகப் பிளந்து நின்றது. இரண்டு நாக்கும் உள்ளே அசையாமல் கிடந்தன.

கைதட்டல் கூரையில் மோதித் திரும்பியது. மருமகள் யாரையும் பார்க்கவில்லை. அத்தையின் முகத்தைத்தான் பார்த்தாள்.

அத்தை முறிந்த கட்டையை வாங்கினாள். இணைப்பை இழுத்துப் பார்த்தாள். முறுக்கிப் பார்த்தாள். வெளிச்சத்தில் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள்.

"ரெண்டு நாக்கு வச்சது யாரு சொல்லி?"

"நானாத்தான் அத்தை. மெத்தைக்கு ரெட்டைத் தையல் போடுவேன்ல... அந்த மாதிரி."

அத்தை தலையை மெல்ல ஆட்டினாள். கட்டையைக் கீழே வைத்தாள். கவசத்தில் இருந்த மரத்தூளைத் தட்டிவிட்டுக்கொண்டு செயல்விளக்கக்காரன் பக்கம் திரும்பினாள்.

"சரி தம்பி. விலையைச் சொல்லு."

மருமகள் அவசரமாகக் கைப்பையைத் திறந்தாள்.

"மூடு அதை" என்றாள் அத்தை. "பணத்தைக் காட்டிட்டு யாராவது பேரம் பேசுவாங்களா?"

* * *

அதுவரை கடையின் பின்னால் கண்ணாடி போட்டுக்கொண்டு கணினியைப் பார்த்தபடி இருந்த பெண்தான் முதலாளி. அத்தை நேராக அவர் எதிரில் போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். உட்காரும்போதே நாற்காலியை ஆட்டிப் பார்த்து, "கால் சரியில்லையே, வீட்டுக்கு அனுப்புங்க, சரி பண்ணித் தர்றேன்" என்று ஆரம்பித்தாள்.

முதலாளி அம்மா விலை சொன்னார். கண்காட்சி விலை, இதற்குக் கீழே இறங்க முடியாது என்றார்.

"இறங்க வேண்டாம். நீங்க அங்கேயே இருங்க. இந்த மர நாக்கு ரெண்டு பெட்டி குடுங்க. கூர்முனை உதிரி ஒரு செட் குடுங்க. தூசி உறிஞ்சற குழாய் தொங்குதே, அதையும் எடுத்து வைங்க."

"அம்மா, அதெல்லாம் தனி விலை."

"காலையில உங்க கடையில எத்தனை பேர் நின்னாங்க?"

முதலாளி அம்மா எட்டிப் பார்த்தார். செயல்விளக்கக்காரனைச் சுற்றி ஆட்கள் முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். "எனக்கு ஒண்ணு", "பில் போடுங்க" என்ற குரல்கள். தேய்ப்பு மெஷின் கடைக்காரர்கூடக் கையைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"கூட்டத்தைக் கூட்டினது நானு. ஜெயிச்சுக் காட்டினது என் மருமக. கூலியா கேக்கறேன்? குழாயைத்தானே கேக்கறேன்?"

முதலாளி அம்மா கண்ணாடியைக் கழற்றினார். சிரித்துவிட்டார். சிரித்தவர்கள் பேரத்தில் ஜெயித்ததாக வரலாறு இல்லை.

பெட்டிகள் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறின. மருமகள் சந்தோஷத்தில் பணத்தை இரண்டு தடவை எண்ணிக் கொடுத்தாள்.

"போன் போடு அந்த நூலகத்து அம்மாவுக்கு" என்றாள் அத்தை. "திங்கக்கிழமை வரைக்கும் எதுக்கு?"

போட்டாள். இரண்டு வார்த்தை பேசுவதற்குள் அத்தை போனை வாங்கிக்கொண்டாள்.

"நாற்காலின்னா என்னங்க, உட்கார்ந்தா ஆடக்கூடாது. அவ்வளவுதானே? எங்க வீட்டு நாற்காலி ஆடாது. கட்டை முறியுமே தவிர இணைப்பு முறியாது. இப்பதான் முறிச்சுப் பார்த்தோம்." அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, அத்தை பலமாகச் சிரித்தாள். "சரிங்க, செய்யறோம்" என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

மருமகளுக்கு அந்தக் கூடத்தின் நடுவிலேயே குதிக்க வேண்டும் போல இருந்தது. குதிக்காமல் ஐடியாவின் கையில் பெட்டியைத் திணித்தாள்.

"அம்மா, அப்போ என் ஐடியா?" என்றான் அவன், பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து.

"கார் கழுவணும்னா தாராளமா கழுவு. தெருவுல ஒரு வாளி வச்சுக்கிட்டு. இப்ப அந்தப் பெட்டியை நேராப் பிடி, சாய்க்காதே."

வாசலுக்கு வந்து வாடகை வண்டியைக் கூப்பிட்ட பிறகுதான் அத்தை கூட இல்லை என்பதை மருமகள் கவனித்தாள். திரும்பிப் பார்த்தால், தூரத்தில் முதலாளி அம்மா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அத்தை கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு சின்ன அட்டையை வாங்கிக் கவசத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தாள்.

வண்டி கிளம்பியது. முன்சீட்டில் ஐடியா, அண்ணனுக்கு அனுப்ப வீடியோவை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தான். பின்னால் மாமியாரும் மருமகளும், நடுவில் மெஷின்.

"என்ன அத்தை சொன்னாங்க அந்தம்மா?"

"ஒண்ணுமில்ல. வேலைக்குக் கூப்பிடறாங்க."

"யாரை?"

"என்னைத்தான். ஊர் ஊரா கண்காட்சி நடக்குமாமே. நான் போய் மெஷினைப் பத்திப் பேசணுமாம். தட்ட வேண்டாம், தூக்க வேண்டாம், வாய் மட்டும் போதுமாம். நல்ல சம்பளம். காதுல மைக்கு மாட்டி விடுவாங்களாம்."

மருமகள் சிரித்தாள். அத்தை சிரிக்கவில்லை.

மருமகளின் சிரிப்பு பாதியில் நின்றது. நூலகம் நிறைய நாற்காலி, அத்தனைக்கும் அத்தைதான் மரம் பார்த்து எடுக்க வேண்டும்.

"நீங்க... என்ன சொன்னீங்க?"

"யோசிச்சுச் சொல்றேன்னேன்." அத்தை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "மாமாகிட்ட இப்ப எதுவும் சொல்லாதே."

மருமகள் மெஷின் பெட்டியின் மேல் கையை வைத்தபடி ஜன்னல் கண்ணாடியைப் பார்த்தாள். அதில் அத்தையின் முகம் தெரிந்தது. உதடுகள் அசைந்தன. சத்தம் வராமல், ஆனால் தெளிவாக, ஏதோ ஒரு கூட்டத்தைப் பார்த்து அத்தை பேசிக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் கொஞ்சம் கிட்ட வாங்க. பயப்படாதீங்க. கடிக்காது."